சீக்கிரம் விழித்த எலிகள்

அந்தக் கல்லூரியின் மருந்தியல் துறையில் அவளுக்குக் 'கடிகாரம்' என்று பெயர். முகத்துக்கு நேரே என்றால் 'கடிகாரம் அக்கா'. மூன்றாம் மாடிக் கோடியில், ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்ட அறையில், கழுத்தில் ஸ்டாப்வாட்சைத் தொங்கவிட்டுக்கொண்டு, எலிகள் எப்போது தூங்கின, எப்போது விழித்தன என்று குறித்துவைப்பது அவள் வேலை. பத்தொன்பது வருஷமாக அதே அறை. சேர்ந்த புதிதில் யாராவது உத்தியோகம் கேட்டால் "ஆராய்ச்சிக்கூடத்தில" என்று நிமிர்ந்து சொன்னவள், போகப்போக, "எலி தூங்கறதைப் பார்க்கச் சம்பளம் குடுக்கறாங்க" என்று தானே முந்திக்கொண்டு சொல்லிச் சிரிக்கப் பழகியிருந்தாள்.

கேலி பேசினாலும் வேலையில் கெட்டி. எலிக்குத் தூக்க ஊசி போட்டு மல்லாக்கக் கிடத்த வேண்டும். மருந்து உடம்பில் இருக்கும்வரை அது அப்படியே கிடக்கும். கல்லீரல் அந்த மருந்தைக் கரைத்துத் தள்ளியதும் புரண்டு காலூன்றும். மறுபடி மல்லாக்கப் போட்டு, மறுபடி புரண்டு, இப்படி மூன்று தரம் தானாகப் புரண்டால் விழித்துவிட்டது என்று கணக்கு. கல்லீரல் கெட்ட எலி மருந்தைக் கரைக்கத் திராணியில்லாமல் நெடுநேரம் கிடக்கும். நல்ல கல்லீரல் உள்ளது நேரத்துக்கு எழுந்துவிடும். ஆக, தூக்கத்தை அளந்தால் கல்லீரலை அளந்த மாதிரி. துறையில் எத்தனையோ விலை உயர்ந்த கருவிகள் வந்து இறங்கின. ஆனாலும் பேராசிரியை, "முதல்ல கடிகாரம் என்ன சொல்றாங்கன்னு பாருங்க" என்பார்.

பேராசிரியைக்கு ஒரே ஆசைதான் இருந்தது: கல்லீரலைக் காப்பாற்றும் ஒரு செடி. பதினாறு செடிகளை உலர்த்தி, இடித்து, சாறு இறக்கிப் பார்த்தும் ஒன்றும் தேறவில்லை. பதினேழாவதாக வந்தது மலைச்சரிவில் வளரும் ஒரு புதர். நாட்டுமருந்துக் கடைக்காரர்கள் அதை மஞ்சக்காம்பு என்பார்கள். அதன் இலையைக் கொதிக்கவைத்தால் நனைந்த கயிறும் புகையும் கலந்த மாதிரி ஒரு வாடை வரும். ஒரு நாள் கொதிக்கவைத்தால் மூன்று நாள் புடவையை விட்டுப் போகாது.

நாலு கூண்டு எலிகள். முதல் கூண்டுக்கு ஒன்றும் தரவில்லை. தொண்ணூறு நிமிஷம் தூங்கின. இரண்டாம் கூண்டுக்குக் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு. மூன்று மணி நேரம் கட்டைபோலக் கிடந்தன. மூன்றாம் கூண்டுக்கு நஞ்சும் கொடுத்து இலைச்சாறும் கொடுத்தார்கள். தொண்ணூற்றைந்தாம் நிமிஷத்தில் ஒவ்வொன்றாகப் புரண்டு எழுந்தன. அன்றைக்குப் பேராசிரியை அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏழு வருஷ உழைப்பு.

நாலாம் கூண்டுக்கு நஞ்சு கிடையாது, இலைச்சாறு மட்டும். அவை ஐம்பதே நிமிஷத்தில் எழுந்துவிட்டன. ஸ்டாப்வாட்சில்தான் கோளாறு என்று நினைத்து அவள் வேறொன்றை வாங்கிவந்து மறுபடி செய்தாள். ஐம்பத்திரண்டு. மூன்றாம் தரம், நாற்பத்தொன்பது.

பேராசிரியையிடம் காட்டினாள். அவர் தாளை இரண்டு தரம் படித்துவிட்டு, கல்லீரல் இன்னும் சுறுசுறுப்பாக வேலை செய்கிறது என்றுதான் இதற்கு அர்த்தம், நல்ல விஷயம்தானே என்றார். கட்டுரையில் அது ஒரு வரியாகப் போயிற்று: 'கல்லீரலின் செயல்திறன் கூடுகிறது.' அவளுக்கு மட்டும் என்னவோ உறுத்திற்று. நோட்டின் ஓரத்தில் பென்சிலால், 'நாலாம் கூண்டு ஏன் முந்தி எழுகிறது?' என்று எழுதி வைத்தாள். எழுதிவைத்ததோடு சரி. பெரிய படிப்புப் படித்தவர்கள் பார்த்துச் சொன்ன பிறகு அதற்கு மேல் என்ன இருக்கிறது? அவளுக்கும் அந்தச் சந்தோஷத்தில் பங்கு இருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

பத்திரிகைக்காரர் வந்தார், படம் எடுத்தார். நடுவில் பேராசிரியை, சுற்றி மாணவர்கள், ஓரத்தில் கையில் ஒரு வெள்ளெலியோடு இவள். 'கல்லீரலுக்குக் கவசம்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அவள் கணவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர், பேச்சில் சிக்கனம். செய்தியை முழுக்கப் படித்துவிட்டு, "ரெண்டு இடத்துல ஒற்று விட்டிருக்கான்" என்றார். பிறகு அந்தப் பக்கத்தைக் கசங்காமல் மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

அந்தப் படத்தைப் பத்துப் பிரதி வாங்கினவன் அவள் தம்பி.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் வயிற்றுக்குள் அவன் இறங்கி ஏறியிருக்கிறான். வாயாடி. மாட்டிக்கொண்டவர்களை லிஃப்டுக்கு வெளியே நின்றபடி பேசியே அழாமல் வைத்திருப்பான். அந்தப் படம் வருவதற்கு ஏறக்குறைய மூன்று வருஷம் முன்பு, முப்பத்திரண்டு வயதில், அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஒன்பது மாதம் அலைந்தபோது, அவள் தன்னுடையதில் ஒன்றைத் தருவதாகச் சொன்னாள். கணவர் சம்மதிக்க ஒரு மாதம் ஆயிற்று. "ரெண்டு குடுத்திருக்கிறதே, ஒண்ணு போனா ஒண்ணு இருக்கட்டும்னுதானே" என்று மட்டும் கேட்டார். அவள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஒட்டு நன்றாகப் பிடித்துக்கொண்டது. அந்நியச் சதையை உடம்பு தள்ளிவிடாமல் தடுக்கும் மாத்திரையைக் காலையும் மாலையும் ஆயுள் முழுக்கப் போட வேண்டும். ரத்தத்தில் அதன் அளவு எட்டுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். குறைந்தால் உடம்பு சிறுநீரகத்தைத் தாக்கும், கூடினால் மருந்தே அதைக் கெடுக்கும். இரண்டு வருஷம் எட்டிலேயே நின்றது. தம்பி மறுபடி வேலைக்குப் போனான். போகிற வருகிறவர்களிடமெல்லாம், "எனக்குள்ள எங்க அக்கா இருக்கா, அதான் அடிக்கடி அதட்டல் கேக்குது" என்பான்.

பத்திரிகையில் படம் வந்து நாலு மாதம் கழித்து அளவு ஐந்தரை என்று வந்தது. அடுத்த மாதம் மூன்று.

சிறுநீரக டாக்டர் நிதானமானவர். மாத்திரையை விட்டுவிட்டு எடுக்கிறாயா என்று கேட்டார். இல்லை என்றான். வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாயா? இல்லை. டாக்டர் மாத்திரையை இரட்டிப்பாக்கினார். அளவு நாலுக்கு மேல் ஏறவில்லை. சிறுநீரகம் கெடக் கெட ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் ஒன்றேகாலில் இருந்து மூன்றுக்கு வந்துவிட்டது.

அவளுக்குத் தூக்கம் போயிற்று. நேரே தம்பி வீட்டுக்குப் போய் மாத்திரை அட்டைகளை மேசைமேல் பரப்பி எண்ணினாள். வாங்கிய தேதி, போட்ட நாள், மிச்சம் எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருந்ததே அவளுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. குப்பைத்தொட்டியில் போட்டிருந்தாலும் கணக்கு இப்படித்தானே வரும்? வேலை வேலை என்று அலைகிறவன், முகம் உப்புகிறது, கை நடுங்குகிறது என்று முன்பே அந்த மாத்திரையைப் பற்றி அலுத்துக்கொண்டவன். தம்பி மனைவி சமையலறை வாசலில் நின்றபடி, "அவர் ஒரு வேளைகூட விடலை அண்ணி. நான் பக்கத்துல இருந்து பார்க்கறேன்" என்றாள். அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அடிவயிற்றில் வைத்திருந்த சிறுநீரகத்திலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துப் பார்த்ததில், உடம்பு ஒட்டைத் தள்ள ஆரம்பித்திருப்பது உறுதியாயிற்று. அங்கே நர்ஸ் தன் கையால் மாத்திரையைக் கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். ஆறாம் நாள் ரத்தத்தில் அளவு பத்தொன்பது.

டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். வீட்டில் இதே மாத்திரை, இதே எண்ணிக்கை. அங்கே நாலு, இங்கே நாங்கள் பார்த்துக் கொடுத்தால் பத்தொன்பது, இதற்கு வேறு என்ன காரணம் சொல்வது என்று கேட்டார். அதட்டவில்லை, வருத்தமாகத்தான் கேட்டார். இனிமேல் அளவைக் குறைத்தாலும், இத்தனை நாள் மருந்து குறைந்து பட்ட அடியும் இப்போது கூடிப் பட்ட அடியும் சேர்ந்து, சிறுநீரகம் தாங்குமா என்று தெரியவில்லை என்றார்.

அவள் வார்டுக்குத் திரும்பி நடந்து வந்தது ஐம்பது அடி இருக்கும். அந்த ஐம்பது அடியில் இரண்டு வருஷமும் அவளுக்குள் புளித்துப்போயிற்று. தம்பி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்துக் கட்டில்காரர், அவர் மகள், தம்பி மனைவி எல்லோரும் இருந்தார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"என் உடம்பை அறுத்துக் குடுத்தேன்டா. பிடிக்கலைன்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாம். எடுத்துத் தொட்டியில போட்டுட்டு இத்தனை நாளா என்கிட்ட நடிச்சிருக்கே."

தம்பி சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துவிட்டான். அவன் தோள் குலுங்குவதைப் பார்த்தும் அவள் நிற்கவில்லை, கிளம்பிவிட்டாள்.

மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் மனசு கேட்காமல் வார்டில் ஏறினாள். தம்பி மனைவி ஃபிளாஸ்கைத் திறந்து ஒரு டம்ளரில் எதையோ ஊற்றிக்கொண்டிருந்தாள். வார்டில் டெட்டால் வாடை தூக்கலாக இருந்தது. அதையும் மீறி நனைந்த கயிறும் புகையும் கலந்த வாடை அவள் மூக்கில் ஏறியது. தன் புடவையிலிருந்துதான் வருகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அந்த வாரம் அவள் சாறு இறக்கவே இல்லை.

"அது என்ன?" என்றாள்.

"இலைத்தண்ணிதான் அண்ணி. தினமும் காலைல குடிப்பாரு. இங்க வந்து ஒரு வாரமா குடிக்கலை, உடம்பு வீணாப்போகுதேன்னு கொண்டாந்தேன்."

"என்ன இலை?"

தம்பி மனைவி கணவனைப் பார்த்தாள். முந்தின நாளுக்குப் பிறகு அக்காவின் முகத்தைப் பார்க்காமல் படுத்திருந்தவன், மேற்கூரையைப் பார்த்தபடியே, "உன்னுதுதான்" என்றான்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். போன வருஷம் ஒரு ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் எண்கள் சற்று ஏறியிருந்தன. மாத்திரையால் வருவதுதான், தானாக இறங்கும் என்று டாக்டர் சொன்னார். இறங்கவும் இறங்கிற்று. ஆனால் சிறுநீரகம் போனபோதும் முதலில் 'சற்று' என்றுதான் சொன்னார்கள். அந்தப் பயத்தில் இருந்தவனுக்குப் பத்திரிகை கிடைத்தது. கடைத்தெருவில் மஞ்சக்காம்புப் பொடி விற்றார்கள்.

"என்கிட்ட ஏண்டா கேக்கலை?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவே. மருந்துன்னு வாயெடுத்தாலே உனக்கு வேண்டாம்தான். பேப்பர்ல உன் போட்டோவே இருக்கு அக்கா. அதுக்கு மேல எதுக்குக் கேக்கணும்?"

"டாக்டர் கேட்டாரே, வேற மருந்து சாப்பிடறியான்னு."

"இது மருந்தா? இலை."

டம்ளரை அவள் வாங்கிக்கொண்டாள். வாங்கினவளுக்கு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கையில் பிடித்தபடியே வராந்தாவுக்கு வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். தண்ணீரின் சூடு விரலில் ஏறிக்கொண்டிருந்தது. நாலாம் கூண்டு எலிகளுக்கு அவள் போட்டது தூக்க மருந்து. இலைச்சாறு குடித்த கல்லீரல் அதைப் பாதி நேரத்தில் கரைத்துத் தள்ளிவிட்டது. தூக்க மருந்தைக் கரைத்த கல்லீரல் மற்ற மாத்திரையை மட்டும் விட்டுவைக்குமா? வீட்டில் காலையில் இலைத்தண்ணீர், அதோடு மாத்திரை, அளவு நாலு. ஆஸ்பத்திரியில் இலைத்தண்ணீர் இல்லை, அளவு பத்தொன்பது. தம்பி ஒரு வேளைகூட விடவில்லை. அத்தனை மாத்திரையையும் விழுங்கியிருக்கிறான். அத்தனையும் வீணாகக் கரைந்திருக்கிறது.

டாக்டரிடம் போய்ச் சொன்னாள். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். முடிந்ததும், "நான் மருந்துன்னு கேட்டேன். இலைன்னு கேட்கத் தோணலை" என்றார்.

ஆனதெல்லாம் பார்த்தார்கள். காரணம் தெரிந்ததால் சேதம் சரியாகிவிடுமா? ஐந்து வாரத்தில் டயாலிசிஸ் மறுபடி ஆரம்பமாயிற்று. அதன் பின் காய்ச்சலும் வலியும் விடாமல் வரவே, செத்துப்போன அந்தச் சிறுநீரகத்தை எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார்கள். அவள் உடம்பிலிருந்து எடுத்து அவனுக்கு வைத்ததை அவனிடமிருந்தும் எடுத்தார்கள். ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சில் கணவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியிருக்கலாம். அதற்கு அவருக்கு உரிமை இருந்தது. அவர் சொல்லவில்லை. டீ வாங்கிவந்து அவள் கையில் கொடுத்தார். அவள் குடிக்கவில்லை என்றதும் தானே குடித்தார்.

டயாலிசிஸ் அறையில் ஒரு நாள், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, அவள் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டாள். அதற்கு முன்பு நாலைந்து தரம் வந்தும் வாய் எழும்பவில்லை. அவன் கையில் இரண்டு குழாய்கள் ஓடின. ஒன்றில் ரத்தம் போயிற்று, ஒன்றில் வந்தது.

"லிஃப்ட் நடுவுல நின்னுட்டா, கதவைத் திறந்ததும் எல்லாரும் முதல்ல கேக்கறது உள்ள இருக்கறவனைத்தான், எந்த பட்டனைடா அமுக்கினேன்னு" என்றான். "கயித்தை யாரும் பார்க்கமாட்டாங்க. விடு."

அவன் விட்டுவிட்டான். தம்பி மனைவி விடவில்லை. வராந்தாவில் அவளை நிறுத்தி, "அவர் பொய் சொல்ற ஆள் இல்லைன்னு நான் அன்னிக்கே சொன்னேன் அண்ணி. நாலு பேர் எதிர்ல அவரைத் திருடன் மாதிரி பேசினீங்க. கிட்னி போனதுக்கு நான் உங்களை ஒண்ணும் சொல்லமாட்டேன். இதை மறக்கமாட்டேன்" என்றாள். சொன்னபடியே அவள் மறக்கவுமில்லை.

ஆராய்ச்சிக்கூடத்தில் அந்தப் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பேராசிரியையின் மேசைமேல் விரித்து வைத்தாள். ஓரத்தில் பென்சில் எழுத்து மங்கியிருந்தது. நடந்ததைச் சொன்னாள். பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கத்தைக் கிட்டத்தில் இழுத்துப் பார்த்தார்.

"நானும் பார்த்தேன்" என்றார். "மருந்தைச் சீக்கிரம் கரைக்குதுன்னும் இதைப் படிக்கலாம்னு எனக்குத் தெரியும். தெரியாம இல்லை. நமக்கு வேண்டியது மூணாம் கூண்டு. அதனால நாலாம் கூண்டை நமக்குப் பிடிச்ச மாதிரி படிச்சேன்."

அவர் அழுதிருந்தால் அவளுக்குச் சமாதானமாக இருந்திருக்கும். அவர் அழவில்லை, எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து, புதுச் சோதனைக்குத் திட்டம் எழுத உட்கார்ந்தார். அவளுக்கு முதலில் அது கல்நெஞ்சாகப் பட்டது. பிறகு, அவருக்குத் தெரிந்த துக்கம் அதுதான் என்று விட்டுவிட்டாள்.

இந்தத் தரம் இரண்டே கூண்டு. இரண்டிலும் எலிகளுக்குத் தம்பி போட்டுக்கொண்ட அதே மாத்திரை. ஒன்றில் மட்டும் பத்து நாள் முன்பிருந்து இலைச்சாறு. மணிக்கொரு தரம் வால் நுனியிலிருந்து ரத்தம் எடுத்தாள். இலைச்சாறு குடித்த எலிகளின் ரத்தத்தில் மருந்து மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கல்லீரலை எடுத்துப் பார்த்தால் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. கழுத்தை ஒடித்துக் கொல்வதை அதுவரை மாணவர்களிடம் விட்டிருந்தவள், அந்த இருபத்துநாலு எலிகளையும் தானே கொன்றாள்.

கட்டுரை வெளிவர ஒன்றரை வருஷம் ஆயிற்று. முந்தின கட்டுரையில் அடியில் சின்ன எழுத்தில் நன்றி மட்டும் சொல்லப்பட்டவள், இதில் இரண்டாம் பெயர். அச்சுப் பிரதியைத் தம்பிக்கு எடுத்துப்போனாள். அதற்குள் அவன் பாதியாக இளைத்திருந்தான். லிஃப்ட் வேலையை விட்டு, ஒரு கட்டடத்தில் வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களைக் குறித்துக்கொள்ளும் வேலையில் இருந்தான்.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

அவள் விரல் வைத்துக் காட்டினாள். "இங்க. 'முப்பத்தைந்து வயது ஆண்.'"

"பேரு?"

"போடமாட்டாங்கடா."

"எலிக்கும் போடலை, எனக்கும் போடலை. சரிதான்" என்று சொல்லிச் சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

கட்டுரையைப் பேராசிரியை அந்தப் பத்திரிகைக்கும் அனுப்பினார். பதில் வரவில்லை. மூன்று தரம் போன் செய்த பிறகு ஒருவர் எடுத்து, நல்ல செய்தி என்றால் போடலாம், இதை எந்தப் பக்கத்தில் போடுவது என்று கேட்டார்.

கடைத்தெருவில் பொடி விற்பனை அமோகமாக நடந்தது. அவள் ஒரு நாள் நேரிலேயே போனாள். கடையின் முகப்பில் அந்தப் பத்திரிகைப் பக்கத்தைப் பிளாஸ்டிக் உறை போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். கடைக்காரர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நின்றிருந்த வாடிக்கையாளர்களிடம், இதைக் கண்டுபிடித்தவங்களே கடைக்கு வந்திருக்காங்க என்று பூரித்துப்போனார். அவள் எடுத்துச் சொன்னாள். எல்லோருக்கும் கெடுதல் இல்லை, ஆனால் வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையை இது செல்லாக்காசாக்கிவிடும், ஒரு எச்சரிக்கையாவது எழுதி வையுங்கள் என்றாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "நல்லதுன்னு எழுதினது உங்க ஆளுங்கதானேம்மா? நான் இட்டுக்கட்டி எதுவும் எழுதலையே" என்றார். குறைந்தபட்சம் என் படத்தையாவது எடுத்துவிடுங்கள் என்று கேட்டாள். அதற்கு அவர் தடை சொல்லவில்லை. கத்திரிக்கோலை எடுத்து, ஓரத்தில் இருந்த அவளையும் வெள்ளெலியையும் நறுக்கென்று வெட்டி அவள் கையில் கொடுத்துவிட்டு, மிச்சத்தை மறுபடி மாட்டிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போய் ஒரு மேசை கேட்டாள். செவ்வாய்க்கிழமைகளில் சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் பரிசோதனைக்கு வருவார்கள். ரத்தம் கொடுத்துவிட்டு டாக்டரைப் பார்க்கும் முன் காத்திருக்கும் நேரத்தில், அவர்கள் வேறு என்னென்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டுக் குறித்துத் தருகிறேன் என்றாள். டாக்டர் எடைபார்க்கும் கருவிக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கினார். பேராசிரியை செவ்வாய்தோறும் அரை நாள் அனுப்பினார்.

மருந்து என்ற வார்த்தையையே அவள் வாயில் எடுக்கமாட்டாள். காலையில் எழுந்ததும் என்ன குடிப்பீர்கள், இருமல் வந்தால் என்ன செய்வீர்கள், பக்கத்து வீட்டில் நல்லது என்று எதையாவது தந்தார்களா, இப்படித்தான் தொடங்குவாள். முதலில் எல்லோரும் ஒன்றுமில்லை என்பார்கள். கால்மணி உட்கார்ந்தால், இலை, வேர், பட்டை, எங்கிருந்தோ தபாலில் வந்த உருண்டை என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். முதல் வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேரிடம் கேட்டதில் அறுபத்தொரு பேர் ஏதோ ஒன்றைச் சாப்பிட்டார்கள். பதினான்கு பேர் மஞ்சக்காம்பு. அந்தப் பதினான்கில் பதினொரு பேர் நிறுத்தினார்கள். டாக்டர் அவர்களுக்கு மாத்திரை அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்தார். மூன்று பேர் தலையாட்டிவிட்டுப் போய்த் தொடர்ந்து குடித்தார்கள். அவர்களில் ஒரு பெண்ணுக்குச் சிறுநீரகம் போயிற்று. அவளுக்கு இருபத்தாறு வயது.

டயாலிசிஸில் மூன்றாம் வருஷம், கையில் ஊசி குத்திய இடத்தில் சீழ் பிடித்து, அது ரத்தத்தில் கலந்து, நாலே நாளில் தம்பி போய்விட்டான். ஒரு வியாழக்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு. அவள் கூடத்தான் இருந்தாள். கடைசி நாளில் அவனுக்குப் பேச்சு இல்லை. கையைப் பிடித்தால் லேசாக அமுக்குவான். பிறகு அதுவும் நின்றுவிட்டது. எல்லாம் முடிந்த பின் தம்பி மனைவி, பள்ளிக்கூடம் போகும் மகளைக் கூட்டிக்கொண்டு தன் அண்ணன் இருக்கும் ஊருக்குப் போனாள். கிளம்பும்போது நாத்தனாரின் கணவரிடம் சொல்லிக்கொண்டாள், நாத்தனாரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. இவள் தெருமுனைவரை பின்னாலேயே போய் நின்றுவிட்டு வந்தாள்.

அடுத்த செவ்வாய் வேண்டாம், வீட்டில் இரு என்றார் கணவர். அவளும் இருந்துபார்த்தாள். ஒன்பது மணிக்கெல்லாம் கைகாலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அதற்கடுத்த செவ்வாய் மேசைக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கு ஒரு தச்சரும் அவர் தங்கையும் வந்தார்கள். தங்கை கொடுத்த சிறுநீரகம். அளவு எட்டிலிருந்து நாலரைக்கு இறங்கியிருந்தது. தச்சர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மாத்திரையைத் தவறாமல் போடுகிறேன் என்று கையைப் பிசைந்தார். பின்னால் நின்றிருந்த தங்கை, "போட்டா எப்படிம்மா இறங்கும்? கேளுங்க, நல்லாக் கேளுங்க. கொடுத்தவளுக்குத்தானே வயிறு எரியும்" என்றாள்.

அவள் எழுந்து தன் நாற்காலியைத் தங்கைக்கு இழுத்துப்போட்டாள். "உங்க அண்ணன் சொல்றதை நம்புங்க. முதல்ல நம்பிடுங்க. அதுக்கப்புறம் நான் கேக்கறேன்" என்றாள்.

கேட்டதில் தச்சர் மூன்று சொன்னார். இரண்டு அவளுக்குத் தெரிந்தவை, தீங்கில்லாதவை. மூன்றாவது மரத்தூள் இருமலுக்காக யாரோ கொடுத்த ஒரு வேர். பெயர் தெரியாது, கறுப்பாக இருக்கும், கசக்கும் என்றார். அதை இன்றிலிருந்து தொட வேண்டாம், அடுத்த வாரம் ஒரு பிடி கொண்டுவாருங்கள், பார்க்கிறேன் என்று சொல்லி, சீட்டில் எழுதி டாக்டரிடம் அனுப்பினாள்.

அடுத்த செவ்வாய் தச்சர் வரவில்லை. மதியம்வரை வாசலைப் பார்த்துக்கொண்டே மற்றவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த வாரமும் பாதி நேரம் போன பிறகு, தங்கை மட்டும் வந்தாள். அண்ணனுக்கு வேலை இருக்கிறதாம், வரமுடியவில்லையாம். பையிலிருந்து செய்தித்தாளில் மடித்த ஒரு பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். கடிகாரம் அக்கா அதைப் பிரித்து, வேரை முகர்ந்து பார்த்துவிட்டு, ஆராய்ச்சிக்கூடத்துக்கு என்று ஓர் உறையில் போட்டு, மேலே தேதி எழுதினாள். அடுத்தவரை வரச்சொன்னாள்.